பதினொரு தவறுகள்

பிப்ரவரி 9

அப்பா,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நம் வீட்டில் கடிதம் என்றால் இங்கிலீஷ்தான், வந்த கடிதத்தைச் சிவப்புப் பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும், எழுதியவர் அதைப் பிழையில்லாமல் நகலெடுத்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் மறந்துவிடவில்லை, விடுதியில் இருந்த ஐந்து வருடமும் அப்படித்தானே வளர்ந்தேன். ஆனால் உங்களுக்கு இனிமேல் நான் இங்கிலீஷில் எழுதப் போவதில்லை. இதையும் திருத்த வேண்டும் போலிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. அம்மா போன நாலாம் நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியது எதனால் என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் உங்கள் இங்கிலீஷ் டியூஷன் சென்டர் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது, மாடி ஜன்னல் திறந்திருந்தது, அங்கிருந்து அம்மா பேசினாள். "ஐ ஆம் நோயிங் ஹிம்" என்றாள். செத்து நாலு நாள் ஆன அம்மா! பிறகு அந்த நாலு விநாடி அமைதி, பிறகு உங்கள் குரல், "ஐ நோ ஹிம்". நான் அங்கேயே நின்றேன். மேலே பிள்ளைகள் சிரித்தார்கள். வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்புதான். உங்களுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

சண்டை போட இதை எழுதவில்லை. ஒன்று வேண்டும். அம்மா எனக்குக் கடைசியாக எழுதிய கடிதம். மே மாதக் கடைசியில் வந்தது. திருத்தி, அன்றே தபாலில் திருப்பி அனுப்பினேன். வீட்டில் எங்கேயாவது இருக்கும். தேடி அனுப்புங்கள்.

மகள்

*

பிப்ரவரி 16

கமா,

உன் கடிதம் கிடைத்தது. முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய ஒன்பது இடங்களில் கமா போட்டிருக்கிறாய். மூச்சு விடாமல் பேசுகிற குழந்தைக்கு அந்தப் பெயர் வைத்தவன் நான். தவறாக வைக்கவில்லை.

அம்மா குரல் இருக்கிற பாட டேப்பைப் பற்றிச் சொல்கிறாய். அதைப் பதிவு செய்தபோது உனக்கு ஒன்பது வயது. தவறான வாக்கியங்களைச் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. இங்கே வேலை பார்த்த இரண்டு ஆசிரியர்களைச் சொல்லச் சொன்னேன். தப்பாகப் பேசத் தெரியாமல் நாடகக்காரர்கள் மாதிரி இழுத்தார்கள். உன் அம்மா ஹெட்போன்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்றேனே, எனக்கு இதுதானே வரும்" என்றாள். நாற்பது வாக்கியம். ஒரே மூச்சில் முடித்தாள். நான் யாரையும் கட்டிப்போட்டுப் பேச வைக்கவில்லை.

நிலையைச் சொல்லும் வினைகளைக் குழந்தைகளுக்கு நான் எப்படி நடத்துவேன் என்று உனக்குத் தெரியும். ஓடுகிற வினை, உட்கார்ந்திருக்கிற வினை. தெரியும், பிடிக்கும், இருக்கிறது எல்லாம் உட்கார்ந்திருப்பவை. அவற்றுக்கு 'இங்' போட்டு எழுப்பி ஓடவிடக் கூடாது. உன் அம்மா இருபத்தாறு வருடமும் எழுப்பி ஓடவிட்டுக்கொண்டேதான் இருந்தாள். அதைக் கேட்டுப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். அதில் அவமானம் என்ன இருக்கிறது?

கடிதத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீதானே திருத்தினாய்? அப்படியானால் படித்திருப்பாய். படித்த கடிதம் மறுபடி எதற்கு?

அப்பா

*

பிப்ரவரி 22

அப்பா,

படிக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது. சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். தாளை அடியிலிருந்து மேலே படி, ஒவ்வொரு வரியையும் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் படி என்றார். நேராகப் படித்தால் விஷயம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுமாம், கண் பிழையைத் தாண்டிவிடுமாம். "அர்த்தத்தை உள்ள விட்டா பிழை வெளிய போயிடும்மா" என்பார். உண்மைதான். மூன்று வருடமாக ஒரு தாளில்கூட என் கையால் பிழை போனதில்லை.

அம்மாவின் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் சிவப்புப் பென்சில். தலைக்கு மேல் வேலை இருந்தது. அடியிலிருந்து தொடங்கினேன். 'ஹேவிங்' கண்ணில் பட்டதும் முன்னால் 'ஆம்' இருக்கிறதா என்று பார்த்து அடித்தேன், 'வாண்டிங்' வந்தது, அடித்தேன், 'ஃபியரிங்' வந்தது, அடித்தேன். ஆறு நிமிடம். கீழே எழுதினேன்: "பதினொரு தவறுகள். முன்னேற்றம் தெரிகிறது." சாயங்காலம் தபால்பெட்டியில் போட்டேன். நேராக ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஆனால் கடிதம்தான் கையில் இல்லையே.

அதற்குள் ஜூன் 14, அம்மா போன நாள், வந்துவிட்டது.

இப்போது அந்தச் சொற்கள் தலைகீழாக வருகின்றன. பஸ்ஸில் உட்கார்ந்தால் வருகின்றன, பல் தேய்த்தால் வருகின்றன. கை. படி. இரண்டு முறை. வலி. சனிக்கிழமை. ஒரு கேள்விக்குறி இருந்தது, அது மட்டும் உறுதி, ஏனென்றால் அம்மா கேள்விக்குறி போட மறந்துவிடுவாள், அன்றைக்குப் போட்டிருந்தாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதைக் கேட்டாள் என்பதுதான் தெரியவில்லை.

ஏன் தமிழில் எழுதித் தொலைக்கவில்லை என்று அவள் மேல்கூடக் கோபம் வந்தது. பிறகுதான் நினைவு வந்தது, நான்தான் சொல்லியிருந்தேன்: "தமிழ்ல எழுதினா நான் பதில் போட மாட்டேன், அப்பதான் நீ பழகுவே." போனிலும் சொல்லியிருக்க முடியாது. போன் இருப்பது சென்டரில், உங்கள் மேசை மேல், நீங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போது எல்லாத் தாளையும் நேராகப் படிக்கிறேன். ஒரு தாளுக்கு மூன்று மடங்கு நேரம் ஆகிறது. 'நெஞ்சில் வலியோ கையில் வலியோ ஏற்பட்டால் உடனே மருத்துவரை அணுகவும்' என்ற வரி பாதித் தாள்களில் இருக்கிறது. அந்த வரி வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். போன வாரம் சூப்பர்வைசர் அம்மா எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதில் ஒரு பிழை இருந்தது. சொல்லவில்லை.

தேடுங்கள் அப்பா. நன்றாகத் தேடுங்கள்.

மகள்

*

மார்ச் 2

கமா,

கிடைத்தது. ஹெட்போன் அலமாரியில், பழைய வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருந்தாள். படித்தேன்.

நீ பயப்படுகிற மாதிரி அதில் ஒன்றுமில்லை. உன் உடம்பைக் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டதைச் சொல்லியிருக்கிறாள். புது ரவிக்கை தைக்கக் கொடுத்ததாகவும் தையல்காரர் கையைச் சின்னதாக வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாள். 'கை' என்று நீ நினைவில் வைத்திருப்பது அதுவாக இருக்கலாம். அவ்வளவுதான்.

தாள் மிகவும் நைந்துவிட்டது. தபாலில் அனுப்பினால் கிழிந்துவிடும். இங்கேயே இருக்கட்டும்.

வேலையைப் பார். எச்சரிக்கைக் கடிதம் வாங்குகிற அளவுக்கு விடாதே.

அப்பா

*

மார்ச் 6

அப்பா,

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. ஒரு பொய்க்கு ஒரு காரணம் போதும், நீங்கள் மூன்று கொடுத்திருக்கிறீர்கள்.

ரவிக்கையின் கைக்கு இங்கிலீஷில் வேறு சொல். எனக்கு நினைவிருப்பது தோளில் தொங்குகிற கை. ரவிக்கையில் படி எங்கிருந்து வந்தது? பத்து மாதத்தில் நைந்துபோகும் தாளை இந்தக் குடும்பத்தில் யாரும் வாங்கியதில்லை, நீங்கள்தான் கெட்டித் தாளாகப் பார்த்து வாங்கிக் கொடுப்பீர்கள்.

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களா, உங்களையா? பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் நானே வருவேன், வந்தால் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு போவேன்.

மகள்

*

மார்ச் 19

கமா,

பதில் தாமதம். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

இரண்டு பேரையும் காப்பாற்றப் பார்த்தேன். முதலில் என்னை.

காலை ஏழிலிருந்து எட்டு வரை வீட்டில் இங்கிலீஷ் நேரம். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே உண்டு. விதி உனக்குத் தெரியும். தவறாகச் சொன்ன வாக்கியத்துக்குப் பதில் கிடையாது. சரியாகச் சொல்கிற வரை எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. நீ அந்த விதியில் அழுதிருக்கிறாய். ஆனால் இரண்டே மாதத்தில் பழகிவிட்டாய். அம்மா பழகவில்லை. அவள் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாள். ஒரு மணி நேரத்தில் அவளுக்கு ஐந்தாறு பதில்தான் கிடைக்கும். இருபத்தாறு வருடம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், டீ ஊற்றிக்கொண்டே "ஐ ஆம் ஹேவிங் பெய்ன்" என்றாள். நான் செய்தித்தாளை இறக்கவில்லை. மறுபடி அதையேதான் சொன்னாள். நான் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன். வகுப்பில் காட்டுவேனே, அந்த விரல். அவள் தமிழுக்கு வந்துவிட்டாள். "வலி உட்கார்ந்தா இருக்கு? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை ஒரு நகைச்சுவையாக அன்றைக்கே வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்டு மணிக்கு மேல் அவளிடம் எங்கே வலி என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றி மறுபடி என்னிடம் பேசவில்லை.

மே மாதம் உனக்கு எழுதினாள். நீ திருத்தி அனுப்பினாய். ஆகஸ்டில் அந்தத் தாளைக் கண்டெடுத்தேன். பிப்ரவரியில் கிடைக்கவில்லை என்று எழுதியபோது அது என் சட்டைப் பையில் இருந்தது.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம்.

நம் வழக்கப்படி அவள் அதை நகலெடுத்திருக்கிறாள். ஜூன் 10, திங்கள்கிழமை காலை. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டிய உறையை என்னிடம் நீட்டினாள். உன் பெயர். "போற வழியில போட்டுடுங்க, மறந்துடாதீங்க" என்றாள். நான் எதையாவது மறப்பேனா என்று கேட்டேன். தோள்பையில் வைத்தேன். தபால்பெட்டி நம் தெருமுனையில் இருக்கிறது. அதைத் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று எட்டு முறை தாண்டினேன். வெள்ளிக்கிழமை காலை அவள் சென்டர் மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்தாள். எழவில்லை. அவள் கையில் பதினோராம் எண் ஹெட்போன் இருந்தது. அறுந்த வயரைக் கீழே கடையில் ஒட்டவைத்து வாங்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள்.

நாலாம் நாள் வீட்டில் உட்கார முடியாமல்தான் சென்டருக்குப் போனேன். நெஞ்சு இல்லாதவன் என்று நீ நினைத்த அந்தக் காலை. பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். உறை கையோடு வந்தது.

நாற்பது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது செய்ய வேண்டுமே என்று பொத்தானை அழுத்தினேன். தினமும் அந்த நேரத்தில் அழுத்துகிற பொத்தான். ஹெட்போன்களிலும் மேசை ஸ்பீக்கரிலும் அவள் குரல் வந்தது. கீழே தெருவில் நீ நின்றிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து தினமும் போடுகிறேன். நிறுத்த முடியவில்லை. பாடத்துக்காக என்று ஊருக்குச் சொல்கிறேன். வீட்டில் காலை ஏழு மணி ஆனால் அடுப்படியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் செய்தித்தாளை உடனே இறக்கிவிடுகிறேன். நாற்காலியில் யாரும் இல்லை. டேப்பிலாவது ஆள் இருக்கிறாள்.

போன வாரம், உன் கடைசிக் கடிதம் வந்த மறுநாள், பத்தொன்பதாவது வாக்கியம் ஓடியது. "ஐ ஆம் ஹேவிங் எ ஹெடேக்." பிறகு நாலு விநாடி. பிள்ளைகள் திருத்திச் சொல்ல வேண்டிய இடைவெளி. அதற்குள் நான் பேசிவிட்டேன். கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றுகொண்டு, "எங்கே வலிக்குது?" என்று தமிழில் கேட்டேன். ஹெட்போனுக்கு மேலேயே கேட்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். டேப்பில் என் குரல் வந்தது. "ஐ ஹேவ் எ ஹெடேக்." திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டான் அந்த ஆள். அவனை எழுந்து போய் அறையலாம் போலிருந்தது.

நீ திருத்திய தாளையும் அந்த உறையையும் இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உறையை நான் பிரிக்கவில்லை. உன் பெயர் போட்டிருந்தது. வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட ஒரே கடிதம் அதுதான்.

ஆறு நிமிடம் நீ செய்ததை நான் இருபத்தாறு வருடம் செய்தேன். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதை நீ சுமக்காதே. டேப்பை அழித்துவிடச் சொன்னால் அழித்துவிடுகிறேன்.

அப்பா

*

மார்ச் 31

அப்பா,

தபால் வந்து ஒன்பது நாள் ஆகிறது. உறையை மேசை மேல் வைத்துவிட்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். வேலைக்குப் போகவில்லை.

நாலாம் நாள் காலையில் பிரித்தேன். விரல் தானாக அடியில் போய் நின்றது. அதை எடுத்து மேலே வைத்துவிட்டு, முதல் சொல்லிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுப் படித்தேன்.

பதினொரு இடத்திலும் நான் திருத்தியபடியே எழுதியிருக்கிறாள். ஒரு எழுத்து பிசகவில்லை. உங்களுக்காக அதைத் தமிழில் எழுதுகிறேன்:

"எனக்கு வலி இருக்கிறது. படி ஏறும்போது வருகிறது. நெஞ்சில் தொடங்கி இடது கைக்கு இறங்குகிறது. இந்த வாரம் இரண்டு முறை நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்குப் பரீட்சை நேரம், சொன்னால் பதறுவார், அவருக்குத் தெரிய வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அங்கே ஒரு நல்ல டாக்டரைப் பார்த்து வை. சனிக்கிழமை காலை ரயிலில் நான் உன்னிடம் வரலாமா?"

கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, தமிழில், பென்சிலால் ஒரு வரி:

"பாப்பா, இதில் தப்பு இல்லை. இப்போ படி."

அப்பா, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் மேல் கோபப்படாமல், உட்கார்ந்து, அந்த வலியோடு, பதினொரு தவறையும் திருத்தியிருக்கிறாள், திருத்தினால் படிப்பேன் என்று நம்பி. புதன்கிழமை இது என் கையில் கிடைத்திருந்தால் என்று ஒரு கணக்குப் போட ஆரம்பிக்கிறேன், முடிக்க முடியவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. என்னையே இன்னும் மன்னிக்க முடியவில்லை, இதில் உங்களை எங்கே மன்னிப்பது?

டேப்பை அழிக்காதீர்கள். அன்றைக்குத் தெருவில் நின்று கேட்டபோது பிள்ளைகள் சிரித்தது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஆனால் அந்த நாலு விநாடியில் அவர்கள் சேர்ந்து ஏதோ சொன்னார்கள், இல்லையா? அவள் ஒன்று சொல்ல, நாற்பது பேர் உடனே வாயைத் திறக்கிறார்கள். நம் வீட்டில் அவளுக்கு அது நடந்ததே இல்லை. அது இருக்கட்டும். நீங்களும் அந்த இடைவெளியில் கேட்க வேண்டும் போலிருந்தால் கேளுங்கள், பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும்.

தப்பில்லாமல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதுதானே உங்கள் விதி. பதிலை எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் நேற்று முன்தினம், சனிக்கிழமை, காலை ரயிலில் அவளை அழைக்க ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் தெருவில் இருக்கிற இதய டாக்டரிடம் முதல் நாளே பெயர் கொடுத்து வைத்திருந்தேன். நோயாளி பெயர் என்னவென்று கேட்டார்கள், அம்மாவின் பெயரைச் சொன்னேன், பத்தரை மணிக்கு வரச் சொன்னார்கள்.

ரயில் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கடைசிப் பெட்டியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வந்த அம்மாள், "யாருக்கும்மா நிக்கிறே? எல்லாரும் இறங்கியாச்சே" என்றார். அம்மாவுக்காக என்றேன். "அடுத்த வண்டியில வருவாங்களோ என்னவோ, உட்காரு" என்று பெஞ்சைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். பத்தரை மணி தாண்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மகள்